முப்பத்தொரு மீட்டர்

நொண்டிமடைக் குளத்துக் கரை
மழை விட்டு ஒன்பதாம் நாள், ஒரு செவ்வாய் விடியலில் உடைந்தது.
வண்ணார்பேட்டையில், டயர்க் கடை மாடியில்
அதை நான் முப்பத்தேழு தடவை உடைத்துவிட்டேன்.

முதலில் கரையைக் கண்ணிகளாய்ப் பின்னிப் பார்த்தேன்.
கொஞ்சம் சரியும்வரை ஒழுங்காகத்தான் இருந்தது.
பிறகு கண்ணிகள் நெளிந்து, முறுக்கி,
ஒன்று தன்னைத்தானே புரட்டிப் போட்டுக்கொண்டது.
அதன் பரப்பு கழித்தல் குறியோடு வந்தது.
பூச்சியத்துக்குக் கீழே மண் கிடையாதென்று
கணினி நின்றுவிட்டது.
நியாயம்தான்.

அதனால் கரையைப் புள்ளிகளாய் உதிர்த்தேன்.
இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம்.
ஒவ்வொன்றின் மடியிலும்
தன் எடை, தன் ஈரம், தன் வேகம்,
இதுவரை எவ்வளவு நசுங்கினோம் என்ற கணக்கு.
அடியில் கட்டம் அசையாமல் கிடக்கும்.
நொடித் துணுக்குக்கு ஒரு தரம்
புள்ளிகள் தங்கள் சுமையை அதில் இறக்கி வைக்கும்,
விசை எவ்வளவென்று கேட்டு வாங்கிக்கொள்ளும்,
மயிரிழை நகரும்.
கட்டம் எதையும் நினைவில் வைப்பதில்லை,
துடைத்த பலகை.
பட்டதையெல்லாம் மண்தான் சுமந்துபோகிறது.

உராய்வுக் கோணம் இருபத்திரண்டு பாகை:
மைதீன் பிச்சை பொக்லைன் வாளியில் அள்ளித் தந்த கரிசலை
பெட்டியில் வைத்து அறுத்து எடுத்த எண்.
நாலு மாதிரியில் ஒன்று
சாக்குக் கிழிந்து வழியிலேயே காய்ந்துபோனது.
அதை அறிக்கையில் எழுதவில்லை.

நாற்பது நொடி உடைப்புக்கு
பதினொரு மணி நேரம் ஓடும் இயந்திரம்.
காலையில் விடை:
கரையடியிலிருந்து முப்பத்தொரு மீட்டர்.
அதற்குமேல் சேறு போயிருக்க முடியாது.
பொதுப்பணித் துறை ஞானதிரவியம் சார்
வரைபடத்தில் அங்கே ஒரு சிவப்புக் கோடு போட்டார்.
கோட்டுக்கு உள்ளே இருந்தால் நஷ்டஈடு.

மாடியேறி வந்தாள் தங்கபுஷ்பம்.
என் வயசுதான் இருக்கும்.
கையில் பட்டா நகல். போனில் படம்:
ஏத்தன் வாழை இருநூற்றுப் பன்னிரண்டு,
கழுத்துவரை சேறு.
"சங்கிலி புடிச்சி அளந்தாச்சி, நாப்பத்தி நாலு மீட்டர்.
ஒங்க கம்ப்யூட்டர் வரலைங்குது.
அப்பம் என் வயல்ல கெடக்கது
நான் கரைச்சி ஊத்துன தோசை மாவா?"

பதில் இல்லாததால் திரையைக் காட்டினேன்.
வேகம் சிவப்பு, நின்றது நீலம்.
இரண்டு தரம் ஓட்டச் சொன்னாள்.
"இதுல என் வாழை எங்க?"
"வாழை இல்ல. வெறுந்தரைதான் போட்டிருக்கேன்."
"காஞ்ச தரையா?"
கோப்பைத் திறந்து பார்த்தேன். ஆமாம்.
"திங்கக்கெழம ராத்திரிலா தண்ணி பாய்ச்சினேன்!
மடைக்காரன்ட்ட மல்லுக்கட்டி வாங்குன மொறை.
அந்தக் கூலியும் போச்சி."

அவள் கூலிக்குத்தான் சொன்னாள்.
எனக்கு உள்ளங்கை வேர்த்தது.
ஈர வயல்மேல் திடுமெனப் பாரம் விழுந்தால்
நீருக்குத் தப்பியோட நேரமில்லை.
வந்த சுமையை அதுவே தாங்கும்.
மணியும் மணியும் ஒன்றையொன்று பிடிப்பதை விடும்.
வழுக்கும்.
கல்லூரியில் வருசாவருசம் நான் நடத்திய பாடம்.

முப்பத்தெட்டாம் தடவை
அவள் பாய்ச்சிய தண்ணீரையும் பாய்ச்சி உடைத்தேன்.
நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு.
"கிட்டத்துல வந்துட்டுல்லா, போதும்மா" என்று
ஞானதிரவியம் சார் கோட்டை நகர்த்திப் போட்டார்.
எண்பது சென்டிமீட்டர் பாக்கி.
சாயங்காலம் போன் வந்தது:
"கடைசி வரிசை பதினெட்டு வாழை எங்க போச்சி?"

ஒன்றை அவளிடம் சொல்லவில்லை.
புள்ளிகள் முழுசாய் நிற்பதே கிடையாது.
நீலமான பின்னும்
எட்டாவது தசமத்தில் ஏதோ ஊர்ந்துகொண்டிருக்கும்.
எந்த நொடியில் நின்றதென்று
நான்தான் சொல்கிறேன். நாற்பதென்று
முதல் நாள் யோசிக்காமல் அடித்தது.

அதை அழித்து அறுபது என்று போட்டேன்.
விசிறி இரையத் தொடங்கியது.
கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.
டீ குடிக்க இறங்கினேன்.